கேப்டன் போக மீதிப் பேர்

விழுப்புரம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். கப்பல் மூழ்குகிறது, கேப்டன் நாற்காலியில் உட்கார்ந்து சிகரெட் பிடிக்கிறார், பின்னால் வயலின் அழுகிறது. "இது நிஜமா பெரியப்பா?" என்று கேட்டிருந்தாய். அக்னிவீர் அறிவிப்பு வந்ததும் நேவிக்கு விண்ணப்பம் போடப் போகிறேன், அம்மாவிடம் நீங்கள்தான் பேச வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். முதல் கேள்விக்குப் போனிலேயே பதில் சொல்லியிருப்பேன். இரண்டாவதற்காகத்தான் பேனாவை எடுத்தேன். கடிதம் நீளம். சனி, ஞாயிறு வைத்துப் படி.

வீடியோவில் இருப்பது நிஜம்தான். குறைந்தபட்சம் உயிர் பிழைத்து வந்தவர்கள் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். அவர் பெயர் மகேந்திரநாத் முல்லா. 1926-ல் கோரக்பூரில் பிறந்தவர். 1971 டிசம்பர் 9-ஆம் தேதி இரவு, குஜராத் கரையோரம் டையூவுக்குத் தென்மேற்கே ஐ.என்.எஸ். குக்ரி மூழ்கியபோது அவருக்கு 45 வயது. பக்கத்தில் நின்ற இளம் அதிகாரிகளைத் தண்ணீரில் தள்ளிக் காப்பாற்றினார், தன் லைஃப் ஜாக்கெட்டை ஒரு சின்ன வயது மாலுமிக்குக் கொடுத்துவிட்டார், தான் கப்பலை விட்டு இறங்கவில்லை என்கிறார்கள். அரசு மகாவீர் சக்ரா கொடுத்தது. 2000-ல் தபால்தலை வந்தது. அந்த மனிதர்மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது.

என் வருத்தம் வேறு. அன்றிரவு குக்ரியோடு போனவர்கள் 18 அதிகாரிகள், 176 மாலுமிகள். நீ பார்த்த நாலு நிமிட வீடியோவில் அந்த 176 பேருக்குச் சேர்த்து மூன்று விநாடி கொடுத்திருக்கிறார்கள். நீ சேரப்போவது அந்த 18-ல் இல்லை பாப்பா, 176-ல். ஆகவே உனக்குத் தெரிய வேண்டியது அவர்கள் கதை. அந்த மாலுமிகளில் யாரையும் பெயர் சொல்லி நான் எழுதப்போவதில்லை. அந்தப் பெயர்கள் அவரவர் வீட்டுக்குச் சொந்தம். தில்லியில் 2019-ல் திறந்த தேசியப் போர் நினைவகத்தில் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள், போனால் பார்.

முதலில் கப்பலைப் பார்ப்போம். சினிமாவில் போர்க்கப்பல் என்றால் ஊர்ப் பாதி அளவு காட்டுவார்கள். குக்ரி அப்படிப்பட்டதில்லை. நீளம் 94 மீட்டர் சொச்சம், அகலம் 10 மீட்டர். திண்டிவனம் ஸ்டேஷனில் நிற்கிற பாசஞ்சர் வண்டியில் நாலு பெட்டியை எண்ணி, அஞ்சாவதில் கால் பங்கைச் சேர்த்துக்கொள். அவ்வளவுதான் நீளம். அதற்குள் எஞ்சின், எண்ணெய்த் தொட்டி, வெடிமருந்து அறை, சமையல்கட்டு, எல்லாம் போக மீதி இடத்தில் அன்றைக்கு 261 பேர் இருந்தார்கள். இங்கிலாந்தில் கட்டி, 1958-ல் நம் கடற்படையில் சேர்ந்தது. கிர்பான், குத்தார் என்று இன்னும் இரண்டு கப்பல்கள் உடன்பிறப்புகள். மூன்றும் சேர்ந்துதான் 14-வது ஃபிரிகேட் ஸ்குவாட்ரன். பெரிய பீரங்கி கிடையாது. அட்லாண்டிக் கடலில் சரக்குக் கப்பல்களுக்குத் துணைபோய் நீர்மூழ்கிகளைத் தேடி அடிக்க வேண்டும் என்பதற்காகவே வெள்ளைக்காரன் சிக்கனமாக வரைந்த வடிவம் அது. அந்த வேலைக்கு வாங்கிய கப்பல் அந்த வேலையைச் செய்யப்போய்த்தான் முடிந்தது.

அந்தக் காலத்தில் நம் பக்கத்துப் பையன் ஒருவன் நேவிக்குப் போவதென்றால் எப்படிப் போயிருப்பான் என்று யோசித்துப் பார். அப்போது விழுப்புரம் மாவட்டமே கிடையாது. கடலூரைத் தலைநகராக வைத்துத் தென்னாற்காடு மாவட்டம். நம் மாவட்டம் பிரிந்தது 1993 செப்டம்பர் 30-ல்தான். மரக்காணத்தில் உப்பளம் இருக்கிறது, கடல் இருக்கிறது, ஆனால் திண்டிவனத்துப் பையனுக்குக் கடல் என்பது வருஷத்துக்கு ஒரு தடவை மாசிமகத்துக்குப் போகிற இடம். பள்ளிக்கூடம் முடித்ததும் முடிக்காததுமாக, பதினாறு பதினேழு வயதில் 'பாய்' என்று சேர்ப்பார்கள். பயிற்சி விசாகப்பட்டினத்தில். அப்புறம் வேலைக்குத் தகுந்தபடி பிரிப்பார்கள். பீரங்கி, சிக்னல், நீர்மூழ்கி எதிர்ப்பு இதெல்லாம் கொச்சியில். எஞ்சின் வேலை லோனாவ்லாவில். மின்சார வேலை ஜாம்நகரில். ஊரைத் தாண்டாதவன் இரண்டு வருஷத்துக்குள் இந்தியாவின் பாதிக் கரையைப் பார்த்துவிடுவான். இந்தி வராது, இங்கிலீஷ் அரைகுறை. ஆறு மாதத்தில் இரண்டையும் கலந்து கப்பல்பாஷை ஒன்று பேச ஆரம்பித்துவிடுவான்.

லீவில் வருவது இன்னொரு பயணம். பம்பாயிலிருந்து மெட்ராஸ் மெயிலில் சென்ட்ரல். அங்கிருந்து டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழும்பூர். அப்போது இங்கே எல்லாம் மீட்டர்கேஜ். திண்டிவனத்தில் இறங்கி, கிராமம் என்றால் மாட்டுவண்டியோ நடையோ. வெள்ளைச் சீருடையில் வந்தவனைப் பார்க்கத் தெருவே கூடும். போகும்போது முகவரி கேட்டால் ஒன்றுதான் எழுதிக் கொடுப்பான். அவன் எண், பெயர், கப்பல் பெயர், ஃபிளீட் மெயில் ஆபீஸ், பம்பாய். கப்பல் கொச்சியில் நிற்கிறதா, நடுக்கடலில் ஓடுகிறதா, வீட்டுக்குத் தெரியாது. எந்தக் கடலில் இருந்தாலும் பம்பாய்க்கு எழுது, போய்ச் சேரும். இன்றைக்கும் அந்த ஏற்பாடு இருக்கிறது. நீ சேர்ந்தால் உன் அம்மாவும் அந்த மாதிரி முகவரிக்குத்தான் முறுக்கு அனுப்புவாள்.

கப்பலுக்குள் வாழ்க்கையை மெஸ் டெக் என்கிற இடத்தில் பார்க்க வேண்டும். சாப்பிடுவது, தூங்குவது, சீட்டு ஆடுவது, துணி மடிப்பது எல்லாம் ஒரே அறை. நாளை நாலு நாலு மணிநேரமாகப் பிரித்து வாட்ச் என்பார்கள். மாலை நாலிலிருந்து எட்டு வரை உள்ளதை மட்டும் இரண்டாக வெட்டி 'டாக் வாட்ச்' என்று வைத்திருப்பார்கள், ஒரே ஆளுக்குத் தினமும் நடுராத்திரி முறை விழாமல் சுழற்றுவதற்காக. இரவு எட்டுமணிக்கு ஆள் மாறும். இந்த எட்டுமணியை நினைவில் வைத்துக்கொள்.

இனி போர். டிசம்பர் 3-ஆம் தேதி மாலை பாகிஸ்தான் விமானங்கள் நம் விமானத் தளங்களைத் தாக்கியதோடு மேற்கில் சண்டை தொடங்கியது. மறுநாள் இரவு நம் ஏவுகணைப் படகுகள் கராச்சிக்கே போய் அடித்தன. அதற்காகத்தான் டிசம்பர் 4 கடற்படை நாள். வங்காள விரிகுடா பக்கம் விசாகப்பட்டினத்துக்கு வெளியே காசி என்ற அவர்களுடைய நீர்மூழ்கி ஆட்களோடு அடியில் போனது. எல்லாம் நம் பக்கம் சாதகமாக ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், ஹாங்கோர் என்ற இன்னொரு நீர்மூழ்கி மட்டும் பம்பாய்க்கும் சௌராஷ்டிரக் கரைக்கும் நடுவில் சுற்றிக்கொண்டிருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய டாஃப்னி வகை, புதுசு. சண்டைக்கு முந்தைய இரவு பம்பாய்க் கப்பல் கூட்டம் தங்கள் தலைக்கு மேலேயே போனதாகவும், சுட உத்தரவு இல்லாததால் விட்டுவிட்டதாகவும் அவர்கள் தரப்பில் பின்னால் எழுதியிருக்கிறார்கள்.

அந்த நீர்மூழ்கி கராச்சிக்கு அனுப்பிய வானொலிச் செய்தியை நம்மவர்கள் பிடித்துவிட்டார்கள். இன்ன இடத்தில் ஒன்று இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. தேடி அழிக்க 14-வது ஸ்குவாட்ரனை அனுப்பினார்கள். மூன்று கப்பலில் குத்தாருக்கு அதற்குச் சில நாள் முன்னர்தான் பாய்லர் அறையில் வெடிப்பு. அதைக் கட்டி இழுத்துக் கரை சேர்க்கும்படி ஆகிவிட்டது. ஆக மிச்சம் இரண்டு. டிசம்பர் 8-ஆம் தேதி குக்ரியும் கிர்பானும் பம்பாயை விட்டுப் புறப்பட்டன.

இங்கே கொஞ்சம் பௌதிகம் சொல்ல வேண்டும், நீ பிளஸ் டூவில் படிப்பதுதான். தண்ணீருக்கடியில் கண்ணுக்கும் ரேடாருக்கும் வேலை இல்லை. ஒலிதான் எல்லாம். கப்பல் சோனாரிலிருந்து ஒரு ஒலியை அனுப்பி, அது எதன்மேலாவது பட்டுத் திரும்பி வருகிறதா என்று கேட்கும். கடல்நீர் மேலே சூடாகவும் கீழே குளிர்ந்தும் அடுக்கடுக்காக இருக்கும். ஒலி அந்த அடுக்குகளில் பட்டு வளைந்து போய்விடும். கீழே ஒளிந்திருப்பவனுக்கு அது திரை. நீர்மூழ்கி பாட்டரியில் ஊர்ந்தால் சத்தமே கிடையாது. அது ஒலி அனுப்பவும் தேவையில்லை, சும்மா காதைத் தீட்டிக்கொண்டிருந்தால் போதும். கப்பலின் எஞ்சின், புரொப்பெல்லர், அதன் சோனார் சத்தம் எல்லாம் தூரத்திலேயே கேட்டுவிடும். குக்ரியின் கையிலிருந்த நீர்மூழ்கி எதிர்ப்பு மார்ட்டர் சுமார் ஒரு கிலோமீட்டர் எறியும். ஹாங்கோரின் டார்பிடோ அதைப்போலப் பல மடங்கு தூரத்திலிருந்து வரக்கூடியது. எறியும் தூரத்தைக் கணக்குப் பார்த்தாலே யார் வேட்டைக்காரர், யார் வேட்டை என்பது தெரிந்துவிடும்.

இன்னொரு விஷயமும் உண்டு. குக்ரியில் வி.கே. ஜெயின் என்ற இளம் லெப்டினென்ட் இருந்தார். சோனாருக்கு எட்டும் தூரத்தைக் கூட்ட ஒரு புதுக் கருவியைப் பொருத்தி, சோதித்துக்கொண்டிருந்தார். வேகமாகப் போனால் கப்பலின் சொந்த இரைச்சல் சோனாரின் காதை அடைத்துவிடும். மெதுவாகப் போனால் நன்றாகக் கேட்கும். ஆனால் மெதுவாக, நேராகப் போகிற கப்பலைக் குறிவைப்பதைவிட நீர்மூழ்கிக்குச் சுலபமான வேலை இல்லை. குக்ரி வேகத்தைக் குறைத்துத்தான் போனது. அது சரியான முடிவா என்று கடற்படைக்காரர்கள் அரை நூற்றாண்டாகச் சண்டை போடுகிறார்கள். என்னைக் கேட்டால், கேட்காத காதோடு வேகமாகப் போவதா, கேட்கிற காதோடு மெதுவாகப் போவதா என்று கேப்டன் முல்லாவை நிற்க வைத்ததே அந்தப் பழைய கருவிகள்தான். பழியில் பெரும்பங்கு அவற்றுக்கு. ஜெயினும் அன்றிரவு திரும்பவில்லை.

9-ஆம் தேதி பகல் முழுக்க ஹாங்கோர் இரண்டு கப்பல்களையும் கேட்டுக்கொண்டே இருந்தது. பாட்டரியில் போவதால் வேகம் போதவில்லை, கிட்டே வர முடியவில்லை. நம் கப்பல்கள் ஒரு செவ்வகப் பாதையில் சுற்றிச் சுற்றித் தேடுகின்றன என்று கண்டுபிடித்து, திரும்பி வருகிற இடத்தில் போய்க் காத்திருந்தது. இருட்டிவிட்டது. பௌர்ணமி கழிந்து ஒரு வாரம், தேய்பிறை, நிலா கிளம்ப நடுராத்திரி ஆகும். முதல் டார்பிடோவைக் கிர்பான்மேல் விட்டது. அது வெடிக்கவில்லை. இரண்டாவதைக் குக்ரிமேல் விட்டது.

மணி அப்போது ஒன்பதுக்குச் சற்று முன். எட்டு மணிக்கு ஆள் மாறியாயிற்று என்று சொன்னேன் இல்லையா? இறங்கினவர்கள் கை கால் கழுவி, சாப்பிட்டு, மெஸ் டெக்கில் உட்கார்ந்திருப்பார்கள். ஆல் இந்தியா ரேடியோவின் இரவுச் செய்தி வரும் நேரம் என்று பிழைத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். தாங்கள் இருக்கிற போரின் செய்தியைத் தாங்களே ரேடியோவில் கேட்க வேண்டிய நிலைமைதான் மாலுமிக்கு. கீழே இருப்பவனுக்கு மேலே நடப்பது ஒன்றும் தெரியாது. டார்பிடோ கப்பலின் அடிவயிற்றில் வெடித்தது. விளக்கு போயிற்று. கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தளங்களுக்கு நடுவே ஏணிகள் குறுகல். ஒருவர் பின் ஒருவராகத்தான் ஏற முடியும், அதுவும் கப்பல் நேராக நிற்கும்போது. சாய்ந்துவிட்டால் ஏணியும் சாயும், தரை சுவராகிவிடும். சில நிமிடங்கள், அவ்வளவுதான் கிடைத்தது. 94 மீட்டர் கப்பல் தண்ணீருக்குள் போய்விட்டது.

ஆகவே அன்றைக்கு யார் பிழைத்தது என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்தது வீரம் இல்லை பாப்பா. வாட்ச் அட்டவணை. மேல்தளத்தில் முறை விழுந்தவன் தண்ணீரில் விழுந்தான். எஞ்சின் அறையில் முறை இருந்தவனுக்கும், முறை முடிந்து கீழே சோறு தின்றவனுக்கும் ஏணி மட்டுமே வழி. 6 அதிகாரிகள், 61 மாலுமிகள் இரவு முழுக்க எண்ணெய் மிதக்கிற தண்ணீரில் கிடந்து, மறுநாள் நம் கப்பல்கள் வந்து எடுத்தபோது உயிரோடு இருந்தார்கள். கிர்பான் அந்த இடத்தைவிட்டு விலகிப் போனது சரியா என்பது இன்னொரு வாதம். இன்னொரு டார்பிடோ துரத்திக்கொண்டிருந்த கப்பல் அது என்பதை மறந்துவிட்டுப் பேசுவது சுலபம். தண்ணீரில் கிடந்தவனுக்கு அந்த நியாயம் எட்டாது என்பதும் சரிதான்.

அங்கே என்ன நடந்தது என்பதோடு எல்லாப் புத்தகமும் முடிந்துவிடும். எனக்குத் தெரிந்த பாதி அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் எழுத்தராக உட்கார்ந்து காலம் தள்ளியவன் நான். ராணுவக் குடும்பங்கள்தான் அதிகம் வரும், நேவி கொஞ்சம். மஞ்சப்பையிலிருந்து பிளாஸ்டிக் கவரை எடுப்பார்கள், அதற்குள் இன்னொரு கவர். நாலாக மடித்து மடித்து மடிப்பிலேயே கிழிந்துபோன பென்ஷன் ஆர்டர், டேப் ஒட்டியிருக்கும். ஒரு கறுப்பு வெள்ளைப் படம். கடலில் போனவர்களின் காகிதக் கட்டில் மற்றவர்களுக்கு இருக்கும் ஒரு காகிதம் இருக்காது. உடலை ஒப்படைத்ததற்கான காகிதம். 'காணவில்லை, இறந்ததாகக் கருதப்படுகிறது' என்ற பொருளில் ஒரு கடிதம்தான் எல்லாவற்றுக்கும் ஆதாரம்.

நம் பக்கத்தில் சாவு என்பது எவ்வளவு வேலை என்று உனக்குத் தெரியும். ஆயா போனபோது பார்த்தாய். குளிப்பாட்ட வேண்டும், வாய்க்கரிசி போட வேண்டும், கொள்ளிக்குடம் உடைக்க வேண்டும், பால் தெளிக்க வேண்டும், பதினாறாம் நாள் கும்பிட வேண்டும். இத்தனை வேலையும் மனுஷனை நிமிரவிடாமல் வைத்திருந்து மெதுவாக விடும். உடல் இல்லாத வீட்டில் எதைக் குளிப்பாட்டுவது? தர்ப்பைப் புல்லில் உருவம் செய்து எரிப்பவர்கள் உண்டு. வேட்டி சட்டையை வைத்துச் செய்பவர்கள் உண்டு. ஒன்றுமே செய்யாமல், காணவில்லை என்றுதானே போட்டிருக்கிறது, பாகிஸ்தான்காரன் பிடித்து வைத்திருப்பான், விடுவான் என்று வருஷக்கணக்கில் காத்திருப்பவர்களும் உண்டு. தாலியை எப்போது கழற்றுவது என்று அந்த வீட்டுப் பெண்ணுக்கு யார் சொல்வது? டிசம்பர் 16-ல் டாக்காவில் சரணடைந்தார்கள், ஊரெல்லாம் வெடி. அதே வாரத்தில்தான் நாடெங்கும் குக்ரி வீடுகளுக்குச் செய்தி போய்க்கொண்டிருந்தது.

ரொம்ப வருஷம் அந்தக் குடும்பங்கள் போய் நிற்க ஓர் இடம்கூட இல்லை. 1999 டிசம்பரில்தான் டையூவில் கடலைப் பார்த்த குன்றின்மேல் நினைவிடம் கட்டினார்கள், கண்ணாடிப் பெட்டிக்குள் குக்ரியின் மாதிரி வடிவம். அந்தப் பெயரில் பின்னால் வந்த இரண்டாவது குக்ரி, 2021 டிசம்பரில் ஓய்வு பெற்றதும் அதே டையூவுக்கு அருங்காட்சியகமாகக் கொடுக்கப்பட்டது. கராச்சியில் இன்னொரு அருங்காட்சியகத்தில் ஹாங்கோர் நிற்கிறது, பிள்ளைகள் ஏறிப் பார்க்கிறார்கள். அந்தப் பக்கத்தையும் ஒரு தடவை நினைத்துக்கொள். நாம் கொண்டாடுகிற டிசம்பர் 4 இரவில் கைபர் என்ற அவர்களுடைய கப்பலில் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். காசியில் தொண்ணூறுக்கும் மேல். அவர்களுக்கும் ஏணி குறுகல்தான்.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். உன்னைப் பயமுறுத்திப் போகவிடாமல் செய்ய இதை எழுதவில்லை. கப்பலில் சாவது என்பது நேவி வாழ்க்கையில் மிக அபூர்வம். துரு சுரண்டுவது, பெயிண்ட் அடிப்பது, ராத்திரி முறை, வாந்தி, வீட்டு நினைப்பு, இவைதான் அன்றாடம். நல்ல வேலை. கையில் தொழில் தங்கும். 2023 மார்ச்சில் ஒடிசாவின் சில்காவில் பயிற்சி முடித்து வந்த முதல் அக்னிவீர் அணியிலேயே 270-க்கும் மேற்பட்ட பெண்கள் இருந்தார்கள். பெண்பிள்ளைக்கு எதற்கு என்று உன் அம்மா ஆரம்பித்தால் அதை நான் சொல்லிக்கொள்கிறேன்.

ஆனால் அம்மா கேட்கப்போகிற வேறு கேள்விகள் நியாயமானவை. அக்னிவீர் வேலை நாலு வருஷம்தான். அது முடிந்ததும் அதிகபட்சம் நாலில் ஒரு பங்கு பேரைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்குச் சேவா நிதி உண்டு, ஓய்வூதியம் கிடையாது. பணியில் இருக்கும்போது ஏதாவது ஆனால் 48 லட்ச ரூபாய் காப்பீடு, பணி நிமித்தமாக இறந்தால் அதற்குமேலும் கருணைத்தொகை. ஆனால் 1971-ல் போனவர்களின் வீடுகளுக்கு மாதாமாதம் வந்த குடும்ப ஓய்வூதியம் மாதிரி எதுவும் அக்னிவீர் வீட்டுக்கு இல்லை. மொத்தமாக வருகிற பணம் பெரிய தொகைதான். என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்த பெண்களைப் பார்த்தவன் என்கிற முறையில் சொல்கிறேன், மொத்தப் பணத்துக்குச் சொந்தக்காரர்கள் நிறையப் பேர் கிளம்புவார்கள், மாதப் பணத்துக்கு அந்த அளவு வரமாட்டார்கள். இது அரசாங்கத்துக்குப் புரிய வேண்டிய விஷயம், உனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. யாரோ சொன்னதை நம்பாதே. உன் வருஷத்து அறிவிப்பை நீயே முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படி. திண்டிவனத்தில் கோச்சிங் சென்டர்காரர் சொல்வதையும் அதோடு ஒப்பிட்டுப் பார்.

சான்றிதழ்களை இப்போதே சரி பார். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், ஆதார், குடும்ப அட்டை, பிறப்புச் சான்றிதழ் நாலிலும் உன் பெயர் ஒரே எழுத்தில் இருக்க வேண்டும். இனிஷியல் முன்னால் ஒன்றில், பின்னால் ஒன்றில், அப்பா பெயர் முழுசாக இன்னொன்றில் என்று இருக்கக் கூடாது. சின்ன விஷயமாகத் தெரியும். மாலுமிகளின் பதிவேடுகளெல்லாம் மும்பையில் மான்கூர்டில் உள்ள பியூரோ ஆஃப் செய்லர்ஸில் இருக்கும். இங்கே ஒரு எழுத்து மாறினால் அங்கேயிருந்து காகிதம் திரும்பி வரும். அப்படித் திரும்பி வந்த காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தன் புருஷன் பெயரைத் தானே நிரூபிக்க வேண்டியிருந்த பெண்களை எனக்குத் தெரியும். சேர்ந்த பிறகு நெருங்கிய உறவினர் யார் என்று ஒரு படிவம் கொடுப்பார்கள். பிள்ளைகள் அதை விளையாட்டாகப் பூர்த்தி செய்துவிட்டு மறந்துவிடுவார்கள். கல்யாணம் ஆனால் மாற்ற வேண்டும், முகவரி மாறினால் மாற்ற வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறை எடுத்துப் பார்.

ஓட்டம் உனக்குக் கவலை இல்லை. பெண்களுக்கு 1.6 கிலோமீட்டரை எட்டு நிமிடத்தில் ஓட வேண்டும், நீ பள்ளிக்கூடத்திலேயே ஓடுகிறாய். கணக்கும் பௌதிகமும் கை கொடுக்கும். சோனாரைப் பற்றி நான் மேலே எழுதியது பாதிதான், ஒலி ஏன் வளைகிறது என்பதை உன் பௌதிக டீச்சரிடம் கேட்டு எனக்கு எழுது, எனக்கே முழுசாகப் புரியவில்லை.

நீச்சல்தான் பாக்கி. உன் அப்பாவும் நானும் முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக் கிணற்றில் கற்றுக்கொண்டோம். அத்தைமார்களைக் கிணற்று மேட்டில் துணி காய வைக்கச் சொல்லிவிட்டோம். அந்த வழக்கம் உன் தலைமுறை வரை அப்படியே வந்திருக்கிறது. பயிற்சியில் கற்றுத் தருவார்கள் என்று இருந்துவிடாதே. பரீட்சை முடிந்ததும் மே மாதம் இங்கே வந்து தங்கு. நீச்சல் குளம் எங்கே, பெண்களுக்கு எந்த நேரம், கட்டணம் எவ்வளவு என்று விசாரித்து வைக்கிறேன். வரும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. அந்த உறவினர் படிவம் எப்படி இருக்கும் என்று அவளுக்கு நானே ஒரு தாளில் போட்டுக் காட்டுகிறேன். கையெழுத்துப் போட வேண்டியது நீ என்றாலும் அதில் இருக்கப்போவது அவள் பெயர்.

அப்பாவை விசாரித்ததாகச் சொல். ஆஸ்துமா மருந்தைத் தவறாமல் இழுக்கச் சொல்.

அன்புடன்,
பெரியப்பா